ஸ்டாக்ஸ் எஸ்ஆர்எம்-டி1: பயாஸ் 393 வோல்ட்தான் காட்டுது, இடது பக்கம் மெல்லிசு. சரிபண்றதா, புதுசா கட்டுறதா?

#1 மாடிவீட்டு_இசை

வணக்கம் நண்பர்களே. ஜப்பான்ல இருந்து பழைய ஸ்டாக்ஸ் எஸ்ஆர்எம்-டி1 ஆம்ப் ஒண்ணும், அதோட லாம்டா ப்ரோ எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனும் (காந்தச் சுருள் இல்லாம, சார்ஜ் ஏத்தின மெல்லிய படலத்தை ஹை வோல்ட்டேஜ்ல ஆட்டுற வகை) வாங்கியிருக்கேன். 100 வோல்ட் மாடல். 230-ல இருந்து 100-க்கு இறக்குற டிரான்ஸ்ஃபார்மர் வச்சு ஓட்டறேன், அதுல சிக்கல் இல்ல. வலது காது பக்கம் கேக்குறப்ப மனசு நிறைஞ்சு போகுது. மிருதங்கத்துல வலந்தலையை விட்டு விரல் எழும்புறது வரைக்கும் தனியா கேக்குது.

இடது பக்கம்தான் சரியில்ல. வலதை விட மெல்லிசு. வால்யூமைக் கூட்டினா தொப்பி (மிருதங்கத்தோட அடிச்சத்தப் பக்கம்) விழுற இடத்துல கரகரன்னு உடையுது. சாக்கெட்டுல பயாஸ் (ஹெட்போன் படலத்தை, அதாவது டயஃப்ரத்தை, சார்ஜ் பண்ணி வைக்கிற வோல்ட்டேஜ்) துளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல மல்டிமீட்டரை வச்சுப் பாத்தேன். 580 வோல்ட் இருக்கணும்னு படிச்சிருக்கேன், 393 தான் காட்டுது.

பயாஸ் பகுதியில இருக்கிற டயோடு, கெபாசிட்டர் எல்லாத்தையும் மொத்தமா மாத்திடலாமா? இல்ல, முப்பது வருஷத்துக்கு மேலான ஆம்போட மல்லுக்கட்டாம, கேஜிஎஸ்எஸ்எச்வி மாதிரி வீட்டுலயே கட்டுற ஆம்ப் ஒண்ணைப் புதுசா கட்டிடுறது நல்லதா? சால்டரிங் நல்லா வரும். வால்வு ரேடியோ ரெண்டு மூணு சரிபண்ணியிருக்கேன்.

#2 ஈயப்பற்று

உங்க கேள்விக்கு மத்தவங்க வருவாங்க. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன்.

மூடியைக் கழட்டிட்டீங்கன்னா, சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் உள்ள இருக்கிற பெரிய கெபாசிட்டருங்க சார்ஜோடதான் இருக்குன்னு வச்சுக்கங்க. இந்த வகை ஆம்ப்ல பிளஸ் ரெயிலும் மைனஸ் ரெயிலும் (சப்ளை வோல்ட்டேஜ் வர்ற பாதைங்க) தனித்தனியா முந்நூறு வோல்ட்டைத் தாண்டும். ரெண்டுக்கும் நடுவுல கை பட்டா அறுநூறுக்கு மேல. புதுசா கட்டுற ஆம்ப்ல ±400 சாதாரணம். 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 400 வோல்ட்ல நிரம்பி நின்னா கிட்டத்தட்ட 38 ஜூல். நெஞ்சு வழியா அது போனா உயிர் போயிடும், வெறும் ஷாக்கோட நிக்காது.

வீட்டுல ஆர்சிசிபி இருக்குன்னு தைரியமா இருக்காதீங்க. மெயின்ஸ்ல இருந்து எர்த்துக்குக் கசியுற கரண்டை மட்டும்தான் அது பாக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கத்து 300 வோல்ட்ல நீங்க மாட்டிக்கிட்டா அது டிரிப் ஆகவே ஆகாது.

நான் பண்றது இதுதான். பிளக்கையே பிடுங்கிடுவேன். 2.2 கிலோஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டரோட ரெண்டு காலுக்கும் தடிச்ச இன்சுலேஷன் ஒயர் வச்சு, முனையில கிளிப் போட்டு வச்சிருக்கேன். ஒரு கிளிப் கிரவுண்டுல, இன்னொண்ணு கெபாசிட்டர் முனையில. ஆறேழு வினாடி பிடிச்சா காலி. அடுத்த ரெயிலுக்கும் அதே மாதிரி. அப்புறம் மீட்டரை வச்சு அஞ்சு வோல்ட்டுக்குக் கீழ வந்துடுச்சான்னு பாத்துட்டுத்தான் கை வைப்பேன். ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ணாதீங்க, பொறி பறந்து கண்ணுல விழும், கெபாசிட்டரும் கெடும். உள்ளேயே பிளீடர் ரெசிஸ்டர் (கெபாசிட்டரைத் தானா காலி பண்றது) இருந்தாலும் அவசரப்படக் கூடாது. 470 மைக்ரோஃபாரட்டுக்கு 220 கிலோஓம் பிளீடர்னா 400-ல இருந்து 50-க்கு இறங்கவே மூணரை நிமிஷம் ஆகும்.

ஆன்ல வச்சு அளக்குறப்ப ஒரு கை சட்டைப் பையில இருக்கட்டும். கருப்பு லீடை முதல்லயே கிரவுண்டுல கிளிப் போட்டு நிறுத்திட்டு, சிவப்பை மட்டும் கையில பிடிங்க.

உங்க ஆம்ப்ல ரெண்டு பின் பவர் கார்டுதானே? உலோகப் பெட்டி, உள்ள இவ்வளவு வோல்ட்டேஜ், ஆனா எர்த் கிடையாது. மூணு கோர் ஒயர் போட்டு பெட்டியை எர்த் பண்ணிடுங்க. அதுக்கப்புறம் ஹம் வந்தா அதைத் தனியா பாத்துக்கலாம்.

#3 நிலைமின்

ஈயப்பற்று சொன்னதை வரிக்கு வரி செய்யுங்கள்.

இப்போது பயாஸ். அதில் பழுது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எதையும் மாற்றாதீர்கள்.

பயாஸ் சப்ளைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே ஒரு பெரிய ரெசிஸ்டர் இருக்கும். ஸ்டாக்ஸ் வகை ஆம்ப்களில் பெரும்பாலும் 4.7 மெகாஓம் அல்லது அதை ஒட்டிய மதிப்பு. ஹெட்போனின் டயஃப்ரம் கரண்ட் எடுப்பதே இல்லை. ஒருமுறை சார்ஜ் ஆனால் அப்படியே நிற்கும். அதனால் அந்த ரெசிஸ்டரில் வோல்ட்டேஜ் எதுவும் விழாது, ஹெட்போனுக்கு முழு 580 போய்ச் சேரும். ஆனால் உங்கள் மீட்டர் கரண்ட் எடுக்கும். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகாஓம். 4.7-ம் 10-ம் தொடராக நின்றால் 580 எப்படிப் பிரியும்? 580 × 10 ÷ 14.7 = 394.6. நீங்கள் பார்த்தது 393. திருப்பிக் கணக்குப் போட்டால் உண்மையான பயாஸ் 578 வோல்ட்.

இந்த 395 பக்கத்து எண்ணைப் பார்த்துவிட்டு நல்ல பயாஸ் பகுதியைப் பிரித்துப் போட்டவர்கள் நிறைய. எலக்ட்ரோஸ்டாட்டிக் வேலையில் முதலில் பழக வேண்டியது இதுதான்: அளக்கும் கருவியும் சுற்றின் ஓர் அங்கம். மெகாஓம் கணக்கில் தடை உள்ள இடத்தில் மீட்டரை வைத்தால், வைத்த நொடியிலேயே அந்த இடம் மாறிவிடும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் 10 மெகாஓம் ரெசிஸ்டர் பத்தை வரிசையாகக் கோத்து, நல்ல பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்து ஒரு புரோப் செய்துகொள்ளுங்கள். அது 100 மெகாஓம், மீட்டரோடு சேர்த்து 110. காட்டுகிற எண்ணை 11-ஆல் பெருக்கவும். அதிலும் 4 சதவீதம் குறைத்துத்தான் காட்டும், 4.7 மெகாஓம் அங்கேயும் இருக்கிறதே. 1 ஜிகாஓம் ரெசிஸ்டர் கிடைத்தால் பிழை அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

பயாஸ் குறைந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து குறையும். இரண்டுக்கும் ஒரே பயாஸ்தான் போகிறது. உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் குறைவதே பழுது வேறு இடத்தில் என்பதற்குப் போதுமான சாட்சி.

#4 மாடிவீட்டு_இசை

ரொம்ப நன்றி சார். கெபாசிட்டரைக் காலி பண்ணிட்டு சாக்கெட்டுல இருந்து ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போனேன். மஞ்சள், ஊதா, பச்சை. 4.7 மெகாஓமேதான். மீட்டரோட தாள்லயும் 10 மெகாஓம்னு போட்டிருக்கு. பயாஸை விட்டுட்டேன்.

இடது பக்கக் கோளாறு ஆம்ப்லயா ஹெட்போன்லயான்னு எப்படிப் பிரிச்சுப் பாக்குறது? பிளக்கைத் திருப்பிப் போட முடியாதே. வேற ஸ்டாக்ஸ் ஹெட்போனும் இங்க யார்கிட்டயும் இல்ல.

#5 கம்பிச்சுருள்

வணக்கம் தம்பி. நான் டொரொன்டோவில இருக்கிறன்.

முதல்ல பின்னால வாற ஆர்சிஏ ஒயர் ரெண்டையும் இடம் மாத்திப் போடுங்கோ. சத்தக் குறைவு இடது பக்கத்தில இருந்து வலது பக்கத்துக்கு மாறினா ஆம்பிலயும் பிழையில்லை, ஹெட்போனிலயும் பிழையில்லை, உங்கட டிஏசி (டிஜிட்டல் பாட்டை சிக்னலா மாத்துற பெட்டி) அல்லது ஒயர்தான். மாறாமல் இடது பக்கத்திலயே நிண்டா ஆம்ப் அல்லது ஹெட்போன். அதுக்குப் பிறகு ஹெட்போனைக் கழட்டி வைச்சிட்டு சாக்கெட்டில வாற டிசி வோல்ட்டேஜை அளவுங்கோ. அதுவும் நல்லா இருந்தாத்தான் ஹெட்போனைச் சந்தேகப்பட வேணும்.

ஹெட்போன் பிழையெண்டா அதுக்கெண்டு ஒரு குணம் இருக்கு. டயஃப்ரத்தில பூசியிருக்கிற கடத்துற பூச்சு தேய்ஞ்சு போனா, ஆம்பை ஆன் பண்ணினவுடன சத்தம் குறைவா இருந்து, மெல்ல மெல்ல ஏறும். இல்லாட்டி கொஞ்ச நேரம் கேட்டபிறகு ஒரு பக்கம் மங்கிக்கொண்டு போகும். பூச்சியோ தூசியோ உள்ளுக்குப் போனா டிக் டிக் எண்டு வெடிக்கும். நீங்கள் சொல்லுற மாதிரி அடிச் சத்தத்தில மட்டும் உடையுறது ஆம்பின்ர வேலை எண்டுதான் நான் நினைக்கிறன்.

இன்னொரு விசயம், இனி வாங்கப் போறவைக்கும் உதவும். பழைய நோர்மல் பயாஸ் 230 வோல்ட், ஆறு பின். ப்ரோ பயாஸ் 580 வோல்ட், அஞ்சு பின். ஆறு பின் பிளக் ப்ரோ சாக்கெட்டுக்குள்ள போகாது, வேணுமெண்டுதான் அப்பிடிச் செய்திருக்கினம். நோர்மலில ஸ்டேட்டருக்கும் (டயஃப்ரத்துக்கு ரெண்டு பக்கமும் நிக்கிற துளைத் தகடு) டயஃப்ரத்துக்கும் இடைவெளி 0.3 மில்லிமீட்டர், ப்ரோவில 0.5. சின்ன இடைவெளியில 580 ஐக் குடுத்தா டயஃப்ரம் ஸ்டேட்டரில ஒட்டிப்போகும். ஆனா ப்ரோ பிளக் ஆறு துளைச் சாக்கெட்டுக்குள்ள போகும். ஒண்டும் பழுதாகாது, சத்தம் 8 டெசிபல் குறையும். என்னட்ட வந்த ஒரு "பழுதான" லாம்டா அப்பிடித்தான் பிழையான துளையில இருந்தது. உங்கடையில ரெண்டு பக்கமும் குறையாததால அது காரணம் இல்லை.

#6 நிலைமின்

கம்பிச்சுருள் சொன்ன வரிசை சரி. டிசி அளவை மட்டும் விளக்கி எழுதுகிறேன். பழுது பெரும்பாலும் அங்கேதான் பிடிபடும்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு ஸ்டேட்டர்கள், ஆக ஆம்பிலிருந்து நான்கு வெளியீடுகள்: இடது பிளஸ், இடது மைனஸ், வலது பிளஸ், வலது மைனஸ். பாட்டு ஓடாதபோது நான்கும் கிரவுண்டுக்கு எதிராகப் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்க வேண்டும். வால்வு ஆம்ப் என்பதால் சில வோல்ட் முன்பின் ஆடும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். இந்த இடங்களில் தடை கிலோஓம் கணக்குதான், 10 மெகாஓம் மீட்டர் போதும். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஆம்ப் அரைமணி நேரம் சூடான பிறகு நான்கையும் எழுதி அனுப்புங்கள். வால்யூம் அடியில் இருக்கட்டும்.

இரண்டு ஸ்டேட்டருக்கு நடுவே நிலையாக ஒரு டிசி வித்தியாசம் நின்றால், டயஃப்ரம் பாட்டே இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அதோடு அந்த வெளியீடு ஒரு திசையில் ஆட இடமில்லாமல் சீக்கிரம் முட்டும். அடிச் சத்தத்துக்குத்தான் அதிக வோல்ட்டேஜ் ஆட்டம் தேவை. தொப்பி உடைவது அதனால்தான் என்று ஊகிக்கிறேன்.

#7 காதுகொடுப்பவன்

இழைக்கு நடுவே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது, கேட்பதோடு சரி. காதுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் 580 வோல்ட் என்றால் ஆபத்தில்லையா? வியர்வையோடு கேட்கிறோமே?

#8 நிலைமின்

நல்ல கேள்வி. பயாஸை மட்டும் பார்த்தால் ஆபத்தில்லை. அந்த 4.7 மெகாஓம் நடுவில் இருப்பதால், பயாஸை நேராகக் கிரவுண்டில் ஷார்ட் செய்தாலும் போகக்கூடிய கரண்ட் 0.12 மில்லியாம்ப்தான். ஸ்டேட்டர்கள் வேறு கதை. அவற்றில் பாட்டே சில நூறு வோல்ட்டாக வருகிறது, அங்கே வழியில் இருப்பது சில கிலோஓம் மட்டும். அந்த ரெசிஸ்டர் ஆம்பைக் காப்பாற்றும், மனிதரைக் காப்பாற்ற அது போதாது. ஆகவேதான் ஸ்டேட்டர்கள் இன்சுலேட் செய்த கூட்டுக்குள், விரல் எட்டாத இடத்தில் இருக்கின்றன. ஜப்பானில் 1960-இல் முதல் ஸ்டாக்ஸ் ஹெட்போன் விற்பனைக்கு வந்ததிலிருந்து மக்கள் தலையில் மாட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கேபிள் உரிந்திருந்தாலோ, பிளக் உடைந்திருந்தாலோ மட்டும் அதைத் தொடவே தொடாதீர்கள். டேப் சுற்றி ஒப்பேற்றவும் கூடாது.

#9 மாடிவீட்டு_இசை

ஆர்சிஏ மாத்திப் போட்டேன், குறை இடதுலயே நிக்குது. டிசி அளவு, அரைமணி நேரம் சூடானதுக்கு அப்புறம்:

வலது பிளஸ்: 3 வோல்ட்
வலது மைனஸ்: மைனஸ் 4
இடது பிளஸ்: 9
இடது மைனஸ்: மைனஸ் 86

#10 ஈயப்பற்று

கிடைச்சுடுச்சு. அந்த இடது மைனஸ் கிளைதான். இனி ஹெட்போனை அதுல மாட்டாதீங்க, சரிபண்ற வரைக்கும்.

#11 நிலைமின்

ஆமாம். அடுத்து வால்வைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டி1-இல் ஒரு பக்கத்துக்கு ஒரு 6சிஜி7 அல்லது 6எஃப்க்யூ7, அதற்குள் இரண்டு டிரையோடு. ஒன்று பிளஸ் கிளைக்கு, மற்றது மைனஸ் கிளைக்கு. பிளக்கைப் பிடுங்கி, வால்வு ஆறியதும் இடது வலது வால்வுகளை இடம் மாற்றுங்கள். மைனஸ் 86 வலது பக்கம் போனால் வால்வு. இடதிலேயே நின்றால் போர்டு.

போர்டு என்றால் நான் முதலில் பார்ப்பது பிளேட் லோடு ரெசிஸ்டரை, அதாவது வால்வின் வெளியீட்டு முனையான பிளேட்டுக்கும் சப்ளைக்கும் நடுவே நிற்பதை. நான்கு கிளைக்கும் நான்கு, உடம்பு பெரிதாக, வால்வு பக்கத்தில் இருக்கும். பல பத்தாண்டுகள் சூட்டிலேயே இருந்தவை. அவற்றுக்குக் கீழே போர்டு பழுப்பேறியிருக்கும். மதிப்பு ஏறிப்போன ரெசிஸ்டரில் விழும் வோல்ட்டேஜ் கூடும், பிளேட் கீழே இறங்கும். உங்கள் அளவு மைனஸ் திசையில் இருப்பது அதற்குப் பொருந்துகிறது.

சர்க்யூட் டயக்ராம் கையில் இல்லாவிட்டாலும் கவலையில்லை. அச்சு அசலாக நான்கு கிளைகள் இருக்கின்றன, மூன்று நன்றாக வேலை செய்கின்றன. நல்லதில் அளந்ததையும் கெட்டதில் அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எது ஒத்துப்போகவில்லையோ அங்கே பழுது. ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கிவிட்டு அளந்து பாருங்கள், போர்டிலேயே அளந்தால் பக்கத்துப் பாதைகளும் சேர்ந்து பொய் எண் வரும்.

#12 சிலிக்கன்காரன்

நான் மாற்றுக் கருத்து வைக்கிறேன். இதைச் சரிபண்ணுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா நண்பர் முதல் பதிவுல கேட்ட ரெண்டாவது கேள்விக்கு யாருமே பதில் சொல்லல.

எலக்ட்ரோஸ்டாட்டிக் ஆம்ப்களை வடிவமைக்கிற கெவின் கில்மோர் தன்னோட டிசைன்களை வெளியிட ஆரம்பிச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. முதல்ல வந்த முழு டிரையோடு ஆம்ப், அப்புறம் கேஜிஎஸ்எஸ், இஎல்34 வால்வை வெளியீட்டுல வச்ச ப்ளூ ஹவாய், அதுக்கப்புறம் கேஜிஎஸ்எஸ்எச்வி, சிலிக்கன் கார்பைடு மாஸ்ஃபெட் வச்ச கார்பன். டயக்ராம், போர்டு ஃபைல் எல்லாத்தையும் பொதுவுல வச்சிருக்காங்க. ஒரு கம்பெனி ஆம்ப் வாங்குற பணத்துல பாதிக்கும் கீழ, அதை விட நல்ல ஆம்பை வீட்டு மேஜையில கட்டலாம். டி1 எவ்வளவு சரிபண்ணினாலும் டி1 தான்.

கஷ்டம் எங்கன்னா பாகத்துல. 2எஸ்ஏ1968 மாதிரி ஹை வோல்ட்டேஜ் பிஎன்பி டிரான்சிஸ்டர் தயாரிப்பு நின்னு ரொம்ப நாளாச்சு. மலிவா கிடைக்கிறதுல போலி அதிகம். மேல எழுத்தைச் சுரண்டிட்டு வேற பேர் அச்சடிச்சது. ஒரு இணையக் கடையில வாங்கினதை நான் சோதிச்சப்ப 900 வோல்ட் தாங்க வேண்டியது 300-ஐத் தாண்டலை. வந்த பாகத்தை போர்டுல வைக்கிறதுக்கு முன்னாடி, ஹை வோல்ட்டேஜ் சப்ளையை ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் வழியா கலெக்டருக்குக் கொடுத்து, பேஸை எமிட்டரோட சேர்த்து, மெல்ல ஏத்திப் பாருங்க. எந்த வோல்ட்ல கலெக்டர் ஏறாம நிக்குதோ அதுதான் அதோட உண்மையான தாங்கும் அளவு. ரெசிஸ்டர் கரண்டைக் கட்டுப்படுத்துறதால பாகம் சாகாது. கார்பன்ல வர்ற 1700 வோல்ட் மாஸ்ஃபெட் இன்னும் தயாரிப்புல இருக்கு, அதிகாரபூர்வ விநியோகஸ்தர்கிட்ட நேரா வாங்கலாம். அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு கார்பனைத்தான் சொல்லுவேன்.

#13 நிலைமின்

சிலிக்கன்காரன் சொல்வதில் எனக்கு ஒப்புதல் உண்டு. டி1-இல் ஒரு உண்மையான பலவீனம் இருக்கிறது. அதை எண்ணில் காட்டுகிறேன்.

எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன் ஆம்பின் கண்ணுக்கு ஒரு சின்ன கெபாசிட்டர், கேபிளோடு சேர்த்து சுமார் 100 பிகோஃபாரட். 20 கிலோஹெர்ட்ஸில் அதன் தடை 80 கிலோஓம். உச்சத்தில் 200 வோல்ட் ஆட வேண்டுமென்றால் 2.5 மில்லியாம்ப் போதும். 400 வோல்ட் ஆடினால் 5. ஸ்பீக்கர் ஆம்ப் கட்டியவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

ஆனால் வெளியீட்டு வால்வின் பிளேட்டில் லோடாக ஒரு ரெசிஸ்டர் உட்கார்ந்திருந்தால், அதுவும் அதே சிக்னலைப் பார்க்கிறது. 50 கிலோஓம் என்று வைத்தால், 200 வோல்ட் உச்சத்தில் அதற்கே 4 மில்லியாம்ப் போகிறது. ஹெட்போனுக்குக் கொடுப்பதை விட அதிகம், அதுவும் வெறும் சூடாக. அந்த இடத்தில் கான்ஸ்டன்ட் கரண்ட் சோர்ஸ் வைத்தால் வோல்ட்டேஜ் எப்படி ஆடினாலும் அது தன் கரண்டை மாற்றாது. மிச்சம் முழுவதும் ஹெட்போனுக்கு. 10எம்90எஸ் என்ற 900 வோல்ட் மூன்று கால் பாகமும் ஒரு சின்ன ரெசிஸ்டரும் இருந்தால் அந்த வேலை முடிந்தது. பழைய டி1-களில் இதைச் செய்து நிறையப் பேர் பயன் கண்டிருக்கிறார்கள்.

புதிதாகக் கட்டுவதற்கு முன் இந்த ஆம்பைச் சரிசெய்யச் சொல்வது ஏன் என்றால், இது ஒரு காலத்தில் வேலை செய்தது என்று நமக்குத் தெரியும். பழுது ஒன்று அல்லது இரண்டு இடத்தில்தான் இருக்க முடியும். புதிதாகக் கட்டிய போர்டு வேலை செய்யாவிட்டால் டிசைன் தவறா, பாகம் போலியா, பற்றவைப்பு பழுதா, திருப்பிப் போட்டோமா என்று ஒன்றுமே நிச்சயமில்லை. 400 வோல்ட் ரெயிலோடு அந்த நிலையில் நிற்பது முதல் முறைக்கு நல்லதல்ல.

#14 ஈயப்பற்று

கட்டப் போறவங்களுக்கு என் பங்குக்கு.

கால் வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் சாதாரணமா 250 வோல்ட்தான் தாங்கும். வாட் கணக்கு சரியா வந்தாலும் வோல்ட் கணக்குல சாகும். ஃபீட்பேக், பிளீடர், பயாஸ் எங்கெல்லாம் முழு வோல்ட்டேஜ் விழுதோ, அங்க ரெண்டு மூணைத் தொடரா போடுங்க. இதை விட்டா ஆம்ப் ஆறு மாசம் ஓடிட்டு ஒரு நாள் திடீர்னு நிக்கும்.

டிஓ-220 உறையில வர்ற டிரான்சிஸ்டர் மாதிரி பாகத்தோட முதுகு உலோகம் கலெக்டர் இல்ல டிரெயினோட சேர்ந்தது. அதுல 400 வோல்ட், ஹீட் சிங்க்ல எர்த். நடுவுல இருக்கிற தாளை நம்பித்தான் எல்லாம். அலுமினா செராமிக் துண்டு வைங்க, மெல்லிசு மைக்கா வேண்டாம். துளை போட்ட இடத்துல பிசிறு இருந்தா மைக்காவைக் குத்திடும். திருகாணியை விட கிளாம்ப் நல்லது. எத்தனை சூடு வரும்னு கேக்குறவங்களுக்கு: ±400-ல ஒரு கிளைக்கு 10 மில்லியாம்ப்னா 8 வாட், நாலு கிளைக்கு 32 வாட், அது எப்பவும் எரிஞ்சுகிட்டே இருக்கும்.

பத்தவச்சு முடிச்சதும் போர்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க. சென்னை மாதிரி கடலோர ஊர்ல, மழைக்காலத்துல ஃப்ளக்ஸ் (பத்தவைக்கிறப்ப ஒட்டி நிக்கிற பசை) ஈரத்தை இழுக்கும். 12 வோல்ட் சர்க்யூட்ல அது தெரியாது. பயாஸ் பக்கத்துல தெரியும். சாக்கெட்டுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கிற ஃப்ளக்ஸ் வழியா பயாஸ் கசிஞ்சு, சத்தம் நாளுக்கு நாள் மாறும். ஹெட்போனையும் கேமரா லென்ஸ் வைக்கிற டிரை கேபினெட்ல வைங்க, இல்லன்னா மூடி இறுகின டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு.

முதல் தடவை ஆன் பண்றப்ப சீரிஸ் போர்டு (மெயின்ஸுக்கும் ஆம்புக்கும் நடுவுல பல்பு தொடரா நிக்கிறது) வழியா, 60 வாட் குண்டு பல்பு. பளிச்னு எரிஞ்சு அப்படியே நின்னா உடனே ஆஃப்.

#15 மாடிவீட்டு_இசை

முடிஞ்சுது. வால்வை மாத்திப் பாத்தேன், மைனஸ் 86 கிட்டத்தட்ட அப்படியே இடதுலயே நின்னுது. இடது மைனஸ் கிளையோட லோடு ரெசிஸ்டரை ஒரு காலைத் தூக்கி அளந்தா, மத்த மூணோட ஒப்பிட்டா ஒண்ணரை மடங்கு ஏறியிருக்கு. மத்த மூணும் தங்களுக்குள்ள ரெண்டு சதவீதத்துல ஒத்துப்போகுது. கெட்டதோட உடம்புல பெயிண்ட் ஒரு வளையமா கருகி, நிறக்கோடே தெரியல. கீழ போர்டு காபிக் கலர்ல இருந்தது, காப்பர் மட்டும் தூக்காம பிழைச்சிருக்கு.

ரிட்சி ஸ்ட்ரீட்ல அதே மதிப்புல மெட்டல் ஆக்சைடு கிடைச்சுது, வாட் ஒரு படி மேல. நாலையும் மாத்திட்டேன், போர்டுல ஒட்டாம கொஞ்சம் தூக்கி நிறுத்தி. இப்ப அரைமணி நேரம் கழிச்சு, டிரிம்மரை (டிசியைச் சரிபண்ற குட்டித் திருகு) தொடுறதுக்கு முன்னாடி: வலது 2, மைனஸ் 3. இடது 6, மைனஸ் 7.

தொப்பி இப்ப உடையல. ரெண்டு பக்கமும் சமமா இருக்கு. எல்லாருக்கும் மனசார நன்றி. டிரிம்மரை எந்த வரிசையில திருப்புறது?

#16 கம்பிச்சுருள்

நல்ல சந்தோசம் தம்பி!

ஒவ்வொரு பக்கத்துக்கும் ரெண்டு டிரிம்மர் இருக்கும். ஒண்டு பிளசுக்கும் மைனசுக்கும் இடையில வித்தியாசத்தைச் சரிசெய்யும், மற்றது ரெண்டையும் சேர்த்துக் கிரவுண்டுக்குக் கொண்டுவரும். ஒண்டைத் திருப்பினா மற்றது கொஞ்சம் நகரும், அதால மாறி மாறிச் செய்யுங்கோ. மீட்டரை முதல்ல பிளசுக்கும் மைனசுக்கும் நடுவில வைச்சு பூச்சியத்துக்குக் கொண்டுவாங்கோ, பிறகு கிரவுண்டுக்கு எதிரா. பிளாஸ்டிக் டிரிம் ஸ்க்ரூடிரைவர் மட்டும் பாவியுங்கோ. ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, மூடியை மேல வைச்சபடி சூடாக்கி, திறந்தவுடன அளவுங்கோ. மூடி இல்லாமல் செட் பண்ணினா மூடினபிறகு நகரும். பூச்சியத்திலயே நிறுத்தப் பாடுபட வேண்டாம், அஞ்சு வோல்ட்டுக்குள்ள ஆடினா காணும்.

#17 நிலைமின்

அளவுகள் நன்றாக இருக்கின்றன. பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களையும் இந்தச் சாக்கில் மாற்றிவிடுங்கள். அதே வோல்ட் அல்லது மேல், 105 டிகிரி வகை. உயரமும் கால் இடைவெளியும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பழைய ரெசிஸ்டர் நான்கையும் தூக்கிப் போடாதீர்கள். 10எம்90எஸ் வைக்க முடிவு செய்தால், அந்த மூன்று நல்ல ரெசிஸ்டரிலிருந்துதான் ஒவ்வொரு கிளைக்கும் எவ்வளவு கரண்ட் என்று கணக்கிட வேண்டியிருக்கும். இப்போது ஒவ்வொரு புது ரெசிஸ்டரின் இரண்டு முனைக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று அளந்து இங்கே போடுங்கள், 10எம்90எஸ்-இன் கரண்டை நிர்ணயிக்கும் அந்தச் சின்ன ரெசிஸ்டரின் மதிப்பைச் சேர்ந்து பார்ப்போம்.

#18 சிலிக்கன்காரன்

வாழ்த்துகள். கார்பன் போர்டு என்கிட்ட ஒரு ஜோடி மிச்சம் இருக்கு. 10எம்90எஸ் வேலை முடிஞ்சதும் சொல்லுங்க.